ராஜமலை ஏற்றம்: முதன்முறை வரையாடு பார்க்கப் போகிறவர்களுக்கு

மூணாறுக்குப் பக்கத்தில், வரையாடு பார்க்கப் போகும் ராஜமலையில் நடக்க வேண்டிய தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழுக்கத் தார் ரோடு. "இதுக்கெல்லாம் என்ன தயாரிப்பு?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அந்த ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் விஷயம் புரியும். ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்களில் ஒரு கூட்டம் விறுவிறுவென்று மேலே போய், மூச்சு வாங்கியபடி ஒரு செல்ஃபி எடுத்து, "ஒண்ணுமே இல்லப்பா, வெறும் புல்லு" என்று சொல்லிக்கொண்டு இறங்கும். இன்னொரு கூட்டம் பாதி வழியிலேயே நின்று, ரோட்டோரச் சரிவில் தாயும் குட்டியுமாக மேயும் வரையாடுகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது கூட்டத்தில் எழுபது வயதுப் பாட்டியும் இருப்பார். உடம்பில் தெம்பு வேண்டும்தான். ஆனால் எந்த மாதம் போகிறோம், எத்தனை மணிக்குப் போகிறோம், எவ்வளவு மெதுவாக நடக்கிறோம் என்பதே இங்கே முக்கால்வாசி.

முதன்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கே போகிறோம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கிறது இரவிகுளம் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். இதில் பொதுமக்கள் போகக்கூடிய பகுதி ராஜமலை மட்டும்தான். மற்ற இடங்களில் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இந்தப் பூங்காவின் தெற்கு ஓரத்தில் நிற்கிறது. ராஜமலை ரோட்டிலிருந்து பார்க்கும்போது மேகம் விலகினால் அந்தப் பாறை முகம் முழுசாகத் தெரியும். ஏறத்தான் அனுமதி இல்லை.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. கேரளமும் தமிழ்நாடும் 2025-இல் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் இரண்டு மாநிலங்களுக்கும் சேர்த்தே 2,700-க்கும் குறைவாகத்தான் இருந்தன. ஒரே இடத்தில் அதிகமாக வாழ்வது இந்த இரவிகுளத்தில்தான்.

இங்குள்ள ஆடுகள் மட்டும் ஏன் மனிதர்களைக் கண்டு ஓடுவதில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். காரணம் பழையது. தேயிலைத் தோட்டக்காரர்கள் காலத்தில் இந்த மலை அவர்களுடைய வேட்டைக் காப்பிடமாக இருந்தது. அவர்கள் வைத்திருந்த சங்கமே வேட்டைக்குக் கட்டுப்பாடு போட்டு, காவலுக்கு முதுவர் பழங்குடி மக்களை நியமித்தது. 1971-இல் கேரள அரசு சட்டம் கொண்டுவந்து நிலத்தைத் திரும்ப எடுத்தது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. ஆக, பல தலைமுறை ஆடுகளுக்கு ரோட்டில் நிற்கும் மனிதனால் தீங்கு வந்ததில்லை. அந்த நம்பிக்கையை நம்பித்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம். கீழே சொல்லப்போகிற பல கட்டுப்பாடுகளுக்கு அர்த்தம் இதுதான்.

முதல் வேலை: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஓட்டல் பார்ப்பதற்கு முன்னால், பூங்கா திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வரையாடு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குட்டி போடும். அதனால் வழக்கமாகப் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை ராஜமலையை மூடிவிடுவார்கள். தேதி வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். குட்டிகளின் நிலையைப் பார்த்து வனத்துறை அறிவிக்கும். இது தெரியாமல் மார்ச்சில் குடும்பத்தோடு போய், மூடிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒரு நிமிடம் செலவழித்தால் போதும்.

என்னைக் கேட்டால், முதன்முறை போகிறவர்களுக்கு ஏப்ரலில் கேட் திறந்த முதல் இரண்டு வாரம்தான் சரியான நேரம். பள்ளி விடுமுறைக் கூட்டம் முழுசாக வந்து சேர்ந்திருக்காது. இரண்டு மூன்று மாதக் குட்டிகள் தாயோடு ரோட்டோரம் வரை வரும். பாறையில் ஏறுவதும், சறுக்குவதுபோல் போய் நிற்பதும், ஒன்றை ஒன்று முட்டிப் பார்ப்பதும் என்று அவை படுத்தும் பாட்டைப் பார்க்கவே போகலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. மலை முழுக்க மூடுபனி, நனைந்த காற்று. அந்த மாதங்கள்தான் வரையாடுகள் இணை சேரும் காலம் என்பதால், வளர்ந்த கிடாக்களின் உடம்பு நன்றாகக் கறுத்து, கம்பீரமாகத் தெரியும். மழைக்கு அஞ்சாதவர்களுக்கு அது வேறொரு அழகு. ஆனால் பாதி நாட்கள் பத்தடிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. முதல் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன். செப்டம்பர் கடைசியிலிருந்து புல் பச்சையாக இருக்கும், இடையிடையே மழை வரும். டிசம்பர், ஜனவரியில் வானம் துல்லியம், குளிர் கடுமை. மூணாறு தோட்டப் பகுதிகளில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிப் போகும் நாட்களும் உண்டு.

நீலக்குறிஞ்சியைப் பார்க்க நினைப்பவர்களுக்கு: அது 12 வருஷத்துக்கு ஒருமுறை. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்தது 2030. மற்ற வருஷங்களில் "குறிஞ்சி பார்க்கலாம் வாங்க" என்று யாராவது அழைத்தால், பெரும்பாலும் வேறு வகைக் குறிஞ்சியாக இருக்கும்.

கிழமையும் நேரமும்

சனி, ஞாயிறு வேண்டாம். பொங்கல், ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைகள் வேண்டவே வேண்டாம். மறையூர் ரோட்டில் வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்; இரண்டு மணி நேரம் வண்டிக்குள்ளேயே போய்விடும். செவ்வாய், புதன், வியாழன் நல்லது.

பூங்கா பொதுவாகக் காலை 8 மணி வாக்கில் திறக்கும். முதல் பஸ்களில் ஒன்றைப் பிடிப்பதுபோல் இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். காலையில்தான் ஆடுகள் மும்முரமாக மேயும். வெயில் ஏறியதும் பாறை இடுக்கிலும் நிழலிலும் படுத்து அசைபோடத் தொடங்கிவிடும். மேகமும் அப்படித்தான்: காலையில் தெளிவாக இருக்கும் மலை, பதினோரு மணிக்குமேல் மெல்ல மூடிக்கொள்ளும். மதியம் போய்விட்டு "ஆடும் இல்லை, மலையும் தெரியவில்லை" என்று சொல்வதில் பயனில்லை. காலையை விட்டால் மாலை மூன்று மணிக்குமேல் இன்னொரு நல்ல நேரம் உண்டு. ஆனால் கடைசி நுழைவு நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

மலைப்பாதையும் வயிறும்

தமிழ்நாட்டிலிருந்து போக இரண்டு வழிகள் பிரபலம். தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழி ஒன்று. உடுமலை, சின்னாறு, மறையூர் வழி இன்னொன்று. உடுமலையிலிருந்து வருகிறவர்கள் மூணாறு ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பூங்கா வாசலைத் தாண்டித்தான் வருவார்கள். அந்த வழியில் யானைகள் குறுக்கிடும். பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடுவதுபோல் கிளம்புங்கள். சின்னாறு சோதனைச் சாவடியில் இரவில் வண்டிகளை விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே திட்டமிடுவது பாதுகாப்பு.

எந்த வழியானாலும் வளைவுகள்தான். போடிமெட்டு ஏற்றத்தில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, மலையேறுவதற்கு அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்த பிறகு போடும் மாத்திரையால் ஒரு உபயோகமும் இல்லை. முன் சீட், திறந்த ஜன்னல், போனைப் பார்க்காமல் தூரத்து ரோட்டைப் பார்ப்பது, வயிற்றில் இரண்டு இட்லி மட்டும். பூரி, பொங்கல் எல்லாம் மேலே போய்ச் சாப்பிடலாம்.

முடிந்தால் முந்தின நாள் மாலையே மூணாறு போய்ச் சேர்ந்து, ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் நடக்கப் போங்கள். ராத்திரி முழுக்க வண்டியில் வந்து, தூக்கமில்லாத உடம்போடு நேராக ஏற்றத்தில் கால் வைப்பதுதான் பாதிப் பேருக்குத் தலைசுற்றலைக் கொண்டுவருகிறது. பழியை மட்டும் மலைமேல் போடுகிறார்கள்.

உடம்பைத் தயார் செய்ய ஒரு வாரம் போதும்

பழநி மலைப் படியை நின்று நின்றாவது ஏறக்கூடியவர் என்றால் உங்களுக்குத் தனிப் பயிற்சியே தேவையில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால், போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் அரைமணி நடங்கள். லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் பழகுவது முக்கியம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி பேசும்.

ராஜமலை சுமார் 2,000 மீட்டர் உயரம். ஆக்சிஜன் குறைந்து ஆபத்து வரும் உயரம் இல்லை. ஆனால் சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வருகிறவருக்கு அதே நடை கொஞ்சம் கூடுதலாக இரைக்கும். அது இயல்பு. வேகத்துக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். நடுவில் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்திருங்கள், வண்டியில் விட்டுவிட வேண்டாம். குளிர்ந்த ஈரக்காற்று திடீரென்று இழுப்பைக் கிளப்பிவிடும். இதய நோய், அதிக ரத்த அழுத்தம் இருப்பவர்கள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கிளம்பும் முன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காலை மாத்திரையைப் போட மறக்காதீர்கள். சுற்றுலா நாளில்தான் எல்லோருக்கும் மறக்கும்.

போட்டுக்கொள்வதும் எடுத்துக்கொள்வதும்

மலையேறும் பூட்ஸ் வேண்டாம். இது தார் ரோடு. பழகிய ஷூ போதும், ஆனால் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் பனி நனைத்த ரோட்டில் இறங்கும்போது வழுக்கும். புது ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவது வீண் வேதனை. ஹீல்ஸும் ஹவாய் செருப்பும் அறையிலேயே இருக்கட்டும்.

தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட, மெல்லிய இரண்டு மூன்று துணிகளாகப் போடுவது நல்லது. பஸ்ஸில் குளிரும், ஏறும்போது வியர்க்கும், மேலே நின்றதும் காற்று வியர்வையைக் குளிர்வித்துவிடும். கழற்றவும் மாட்டவும் வசதி வேண்டும். மேலே ஒன்று காற்றைத் தடுப்பதாக இருக்கட்டும். மழைக்குக் குடையைவிட ரெயின்கோட் சிறந்தது. மலைக்காற்றில் குடை திரும்பிக்கொள்ளும். அதோடு, பக்கத்தில் மேயும் ஆட்டுக்கு முன்னால் படக்கென்று குடையை விரித்தால் அது மிரண்டு போகும். காதை மூடும் மங்கி குல்லா குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் அவசியம், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். தெளிவான நாளில் ஒரு மணி நேரத்திலேயே மூக்கும் காதும் கறுத்துவிடும். நிறத்தைப் பொறுத்தவரை பச்சை, பழுப்பு, சாம்பல் என்று அடங்கியதாக இருப்பது நல்லது.

தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். பூங்காவுக்குள் பிளாஸ்டிக் கூடாது. வாசலில் பையைச் சோதிப்பார்கள். சிப்ஸ், பிஸ்கட், கடலை மிட்டாய் எதையும் உள்ளே எடுத்துப் போகாதீர்கள். இந்தப் புல்வெளியில் கிழக்கே வழியும் தண்ணீர் பாம்பாறாகி, அமராவதியில் சேர்ந்து, கரூர் பக்கம் காவிரிக்குப் போகிறது. ராஜமலைச் சரிவில் பறக்கும் ஒரு சிப்ஸ் உறை யாருடைய வயலுக்குப் போகும் என்று யோசித்துப் பார்க்கலாம். உறையை ஆடு தின்றாலோ, அந்தப் பிளாஸ்டிக் அதன் வயிற்றிலேயே தங்கிவிடும்.

பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 8x42 என்று போட்ட விலை குறைந்த ஒன்று போதும். எதிர்ச் சரிவில் புள்ளியாகத் தெரியும் கூட்டத்தை அது முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. டிரோனை எடுத்துப் போகாதீர்கள். தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது குற்றம். கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு துடைக்கும் துணி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரொக்கப் பணமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். மலையில் சிக்னல் போனால் போன் வழிப் பணமும் போய்விடும். டிக்கெட்டை முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

அஞ்சாம் மைலில்

மூணாறிலிருந்து மறையூர் ரோட்டில் சுமார் 8 கிலோமீட்டர் போனால் பூங்காவின் வாசல். அஞ்சாம் மைல் என்று ஆட்டோக்காரர்களிடம் சொன்னால் போதும். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருப்பதால் மூணாறில் மொழிப் பிரச்சினை வராது. "அண்ணே, அஞ்சாம் மைலு போகணும்" என்றால், "ஏறுங்க, ராஜமலைக்கா? டிக்கெட் போட்டாச்சா?" என்று பதில் வரும்.

சொந்த வண்டி இங்கேயே நிற்க வேண்டும். இங்கிருந்து வனத்துறை பஸ் தோட்டத்துக்குள் வளைந்து நாலைந்து கிலோமீட்டர் ஏற்றிக்கொண்டு போகும். பஸ் ஏறும் முன் கழிப்பறைக்குப் போய் வந்துவிடுங்கள், குழந்தைகளையும் அனுப்புங்கள். மேலே போய் அவதிப்பட வேண்டாம். முட்டி வலியோ வேறு சிரமமோ உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், நடக்கிற பகுதிக்குப் பேட்டரி வண்டி ஓடுகிறதா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். ஓடினால், ஏற மூச்சு வாங்குகிறவர்கள் ஏற்றத்துக்கு மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு, சரிவில் மெல்ல நடந்து வரலாம். முட்டி பலவீனமானவர்கள் இதைத் திருப்பிச் செய்யட்டும்: நடந்து ஏறி, வண்டியில் இறங்கட்டும்.

பஸ் போகும்போதே பார்க்கத் தொடங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலை முடிந்து, புல்லும் பாறையும் தொடங்கும். மலை மடிப்புகளில் மட்டும் மரங்கள் குட்டை குட்டையாக அடர்ந்து நிற்கின்றனவே, அது சோலைக்காடு. மேட்டில் புல்வெளி, பள்ளத்தில் சோலை: இதுதான் இந்த உயரத்து மலையின் இயற்கையான அமைப்பு. மழையை உறிஞ்சி வைத்து வருஷம் முழுக்க ஓடைகளாகக் கசியவிடுவது இந்த இரண்டும்தான்.

ஏற்றம்

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எல்லோரும் ஒரே அலையாகக் கிளம்புவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். ஐந்து நிமிடம் ஓரமாக நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள், மூச்சு நிதானமாகட்டும், கண் வெளிச்சத்துக்குப் பழகட்டும். கூட்டம் முன்னால் போனதும் ரோடு காலியாகும், சத்தம் அடங்கும். அடுத்த பஸ் வருவதற்குள் உங்களுக்குக் கிடைக்கும் அந்த இடைவெளிதான் இந்த நடையின் மிக நல்ல நேரம்.

பிறகு நடங்கள். நூறடி நடந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். இது களைப்புக்காகச் சொல்வதல்ல, பார்ப்பதற்காக. வரையாட்டின் உடம்பு பாறையின் நிறத்திலேயே இருக்கும். நடந்துகொண்டே தேடினால் கண்ணில் படாது. நின்று, ஒரு பாறையை எடுத்துக்கொண்டு, அதன் மேல் விளிம்பிலிருந்து கீழே வரை மெல்லப் பார்த்துவாருங்கள். காது ஒன்று அசையும். அங்கே ஒன்று தெரிந்தால் சுற்றிலும் ஐந்தாறு இருக்கும்.

மூடுபனி வந்துவிட்டால் உடனே திரும்பிவிட வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். மலையில் பனி ஒரே இடத்தில் நிற்காது. காற்று திரும்பினால் திரைச்சீலை விலகுவதுபோல் ஒரு பக்கம் திறக்கும், அப்போது உங்களுக்குப் பக்கத்திலேயே ஆடு நிற்கலாம்.

ரோட்டின் வலது இடது என்று பார்க்காமல் தரையையும் பாருங்கள். சிறிய கறுப்பு உருண்டைகளாகப் புழுக்கை புதிதாக, ஈரமாகக் கிடந்தால் ஆடுகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. காதையும் கொடுங்கள். ஆடு பக்கத்தில் மேயும்போது புல்லைப் பறிக்கிற 'சரக், சரக்' சத்தம் தெளிவாகக் கேட்கும். கூர்மையான ஒரு சீட்டிச் சத்தம் கேட்டால், ஏதோ ஒரு ஆடு ஆபத்து என்று மற்றவற்றுக்குச் சொல்கிறது என்று அர்த்தம். சிறுத்தையாக இருக்கலாம், செந்நாயாக இருக்கலாம். கத்திக்கொண்டு ஓடிவந்த ஒரு சுற்றுலாக் குழந்தையாகவும் இருக்கலாம்.

கிடா எது, பெட்டை எது என்று பிரித்துப் பார்ப்பது எளிது. பெட்டை சாம்பல் கலந்த பழுப்பு, கொம்பு மெல்லியது. முழு வளர்ச்சி பெற்ற கிடா பெட்டையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, 100 கிலோ வரை வரும். கரும்பழுப்பு உடம்பில், முதுகின் நடுவில் மட்டும் குதிரைச் சேணம் போட்ட இடத்தில் வெள்ளிச் சாம்பலாக ஒரு திட்டு இருக்கும். அந்தத் திட்டு தெரிந்தால், அது வயது வந்த பெரிய கிடா. ரோட்டோரம் பெரும்பாலும் பெட்டைகளும் குட்டிகளும்தான் கிடைக்கும். பெரிய கிடாவைப் பார்க்கக் கிடைத்தால் நல்ல அதிர்ஷ்டம்.

ஆட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டேன் என்று இருக்க வேண்டாம். புல்லுக்கும் பாறைக்கும் நடுவே தவிட்டு நிறத்தில் ஓடித் திரியும் சிறு குருவி நீலகிரி நெட்டைக்காலியாக இருக்கலாம். இதுவும் இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை.

பக்கத்தில் வந்தால்

வரையாடு உங்களிடமிருந்து ஐந்தாறு அடியில் வந்து மேயக்கூடும். அப்போது நாம் செய்வதுதான் இந்த இடத்தின் எதிர்காலம்.

அங்கே பணியில் இருக்கும் வாச்சர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: "நீங்க போகாதீங்க சார், நில்லுங்க. அதுவா வரும்." இதைவிடச் சிறந்த அறிவுரை கிடையாது. நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஆடு தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறது என்றால், நீங்கள் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். மேய்ச்சலை விட்டுவிட்டு உங்களைக் கண்காணிக்கிறது. இரண்டடி பின்னால் எடுத்துவைத்தால் அது மறுபடி குனிந்து மேயும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வரையாட்டுக்குப் பாறைச் சரிவுதான் கோட்டை. புலியோ சிறுத்தையோ வந்தால் அது செங்குத்துப் பாறைக்குத்தான் ஓடும். அதனால் ஆட்டுக்கும் பாறைக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். படம் எடுப்பதற்காக நாலு பேர் சுற்றி வளைத்து நின்றால், தப்பிக்கிற வழி அடைபட்டுவிட்டது என்று அது பதறும். எல்லோரும் ஒரே பக்கமாக, ரோட்டின் ஒரே ஓரத்தில் நில்லுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகவே கூடாது.

தொடாதீர்கள், குட்டியைக்கூட. எதுவும் கொடுக்காதீர்கள், கீழே கிடக்கும் புல்லைப் பிடுங்கிக்கூட நீட்ட வேண்டாம். உப்புச் சுவை அதற்குப் பிடிக்கும் என்பதால் சிப்ஸ் நீட்டினால் வாங்கவும் செய்யும். ஒருமுறை பழகினால் ரோட்டுக்கே வந்து நிற்கும், வண்டிச் சக்கரத்துக்கு முன்னாலும் வரும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் தரும் அதே உச்சப் பாதுகாப்பு வரையாட்டுக்கும் உண்டு. சீண்டுவது சட்டப்படி குற்றம்.

படத்துக்கு ஒரு யோசனை: நின்றபடி மேலிருந்து எடுக்காமல், குந்தி உட்கார்ந்து ஆட்டின் கண் மட்டத்திலிருந்து எடுங்கள். பின்னால் வானமும் மலையும் தானாக வந்து அமையும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பத்துப் படம் எடுத்தபின் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வெறுமனே பாருங்கள். அதன் கண்ணின் பாவை நம்முடையதைப்போல் வட்டமாக இல்லாமல், கிடைக்கோடாக இருப்பதை அவ்வளவு பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் அமையாது.

குழந்தைகளைக் கூட்டிப் போவது

மூன்று நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் நடந்துவிடுவார்கள். அதற்குக் கீழே என்றால் தூக்க வேண்டியிருக்கும். தூக்குபவர் யார் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கீழேயே குழந்தைகளிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்: "முதல்ல ஆட்டைப் பார்க்கிறவங்க சத்தம் போடாம கையை மட்டும் தூக்கணும்." ஓடாதே, கத்தாதே என்று வழியெல்லாம் அதட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. ரோட்டின் ஒரு பக்கம் சரிவு என்பதால் கையைப் பிடித்தே நடங்கள்.

மழை நாட்களில்

சாரலுக்குப் பயப்பட வேண்டாம். கனமழை எச்சரிக்கை இருந்தால் மட்டும் தயங்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, இதே ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணோடு போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள். அந்த மலைகளின் மண் மழையில் எப்படி நகரும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பூங்காவை மூடுகிறோம் என்று வனத்துறையோ மாவட்ட நிர்வாகமோ சொன்னால் வாதாடாதீர்கள். இடி மின்னல் தொடங்கினால் திறந்த புல்வெளி ரோட்டில் நிற்காமல் உடனே பஸ் நிற்கும் இடத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

இறங்கும்போது

பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஓடி இறங்காதீர்கள். சின்னச் சின்ன அடியாக, முட்டியைக் கொஞ்சம் மடக்கி வைத்து நடங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு வரிசை இருக்கும். அடுத்து அடுத்து வந்துகொண்டே இருக்கும். அரை மணியில் முடிந்துவிடும் நடை இது. இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பின்னால் மதியச் சாப்பாட்டைத் தவிர வேறு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். ஒரே நாளில் மாட்டுப்பட்டி, எக்கோ பாயிண்ட், டாப் ஸ்டேஷன் என்று டிரைவர் பட்டியல் நீட்டுவார். அதையெல்லாம் அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மறையூர் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு மட்டும், போகிற வழியிலேயே இருக்கும் லக்கம் அருவியில் அரைமணி நிற்கலாம். அதுவும் இதே பூங்காவின் தண்ணீர்தான்.

பூங்கா மூடியிருக்கும் மாதத்தில்தான் உங்களுக்கு விடுமுறை கிடைக்கிறது என்றால், தமிழ்நாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் தாண்டி வால்பாறை ஏறும் ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் 9-வது வளைவை ஒட்டிய லோம்ஸ் வியூ பாயிண்ட் பகுதியில், காலை நேரத்தில் ரோட்டோரப் பாறைகளிலும் தடுப்புச் சுவரின் மேலும் வரையாடுகள் நிற்பதுண்டு. அங்கே ஏற்றமும் இல்லை, நடையும் இல்லை. ஆனால் வண்டிகள் போய்வரும் ரோடு என்பதால் வளைவில் நிறுத்தாமல், வியூ பாயிண்டில் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஹாரன் வேண்டாம்.